ராடோவான் எழுதாத ஒரு வரி

ராடோவான் ஸ்க்ராசெக்கை நினைத்தாலே எனக்கு இளக்காரமாகத்தான் வருகிறது. பாவசங்கீர்த்தனத்தில் இரண்டு முறை சொல்லிவிட்டேன். போகவில்லை.

நான் பங்குக் கோயிலைப் பெருக்குகிறவள். படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டிலிருந்தே பார்க்கும்படி ஞாயிறு திருப்பலியைக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்புவதும் நான்தான். மூன்று பட்டன், அவ்வளவே. அந்த மென்பொருள் இலவசம். யார் யாரோ எழுதியதை எடுத்து, எல்லார் கம்ப்யூட்டரிலும் ஏறுகிற மாதிரிப் பொட்டலம் கட்டித் தருகிறவன் ராடோவான். புர்னோ நகரத்தில் இந்த வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். இவனுக்குப் பொட்டலம் ஒல்லியாக இருந்தால்தான் பெருமை. சத்தத்துக்கான ப்ளகின் என்கிற துணை நிரலைப் பிய்த்துத் தனிப் பொட்டலமாக்கினான். அதுவும் கூட வரவேண்டும் என்று பெரிய பொட்டலத்தின் தேவைப் பட்டியலில் ஒரு வரி எழுதவில்லை.

கோயிலுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. படம் போனது, சத்தம் போகவில்லை. பங்குத்தந்தை ராடோவானுக்குப் புகார் எழுதினார். "என்னிடம் வேலை செய்கிறது" என்று எழுதிப் புகாரை மூடினான். இன்னொன்று எழுதினார். அதையும் மூடினான் மகராசன்.

அந்தப் படுக்கைக்காரர்களில் அவனைப் பெற்ற போஹுமிலாவும் ஒருத்தி. இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கிறாள். வரும் ஞாயிறு அவள் கணவர் அலோய்ஸின் நினைவுத் திருப்பலி. பீடத்தில் அவர் பெயரை வாசிப்பார்கள்.

"லிடா, அந்தப் பேரு மட்டும் என் காதுல விழுந்தா போதும்டீ" என்றாள் போனில். "போன வாரம் பங்குச்சாமி மீன் மாதிரி வாயை வாயைத் தொறந்தாரு."

சனிக்கிழமை காலை ராடோவானைக் கோயிலுக்கு வரவழைத்தேன். தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து தன் லேப்டாப்பைத் திறந்தான்.

"கேக்குதா? ஜோரா வருது. உங்களுக்கு ஓட்டத் தெரியலைன்னு சொல்லுங்க லிடாம்மா."

"உன் கம்ப்யூட்டர் பெட்டியில அந்த ப்ளகின் எப்பத்துலேர்ந்து இருக்கு?"

"நாலு வருஷமா."

"எங்க பெட்டி வந்தே மூணு வாரந்தான் ஆகுது தம்பி. இதுக்கு அது எங்கேர்ந்து வரும்?"

"நாமதான் தனியா ஏத்திக்கணும். எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாரும்னா?"

"பட்டியல்ல எழுதியிருக்கேன்மா!"

"எங்க, காட்டு."

பட்டியலைத் திறந்தான். மேலே உருட்டினான், கீழே உருட்டினான். அப்புறம் தொப்பியைக் கழற்றினான்.

"ஒண்ணுமே ஏத்தாத பெட்டியில ஒரு தடவையாவது போட்டுப் பாத்தியா?"

அந்த ஒரு வரியைத் தட்டினான், பொட்டலத்தைத் திரும்பக் கட்டினான். மத்தியானம் எங்கள் பெட்டியில் பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றச் சொன்னேன். ப்ளகின் தானாகவே பின்னால் வந்து சேர்ந்தது.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் போஹுமிலா கூப்பிட்டாள்.

"அவர் பேரு அப்படியே மணி மாதிரி கேட்டுச்சு லிடா. என் பையன்தான் சரி பண்ணானாமே? எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் பாத்தியா!"

"ஆமாக்கா" என்றேன். அவளிடம் வேறென்ன சொல்ல?

அவன் தன் வேலைக்குறிப்பில் எழுதியிருந்ததைச் சாயங்காலம் பங்குத்தந்தை எனக்கு வாசித்துக் காட்டினார்: "பயன்படுத்துவோரின் குழப்பத்தைத் தவிர்க்கச் சிறு மாற்றம்."

பாவசங்கீர்த்தனத்துக்கு மூன்றாவது முறையும் போக வேண்டியதுதான்.