கஜேந்திரன் கடை நாற்காலியும் தரையைத் தொடாத என் காலும்

மரச்சாமான் கடை கஜேந்திரன் இன்று காலை போய்விட்டார். நேற்று மாலைகூட என்னோடு சண்டை போட்டார்... நன்றாகத்தான் போட்டார்.

காலையிலிருந்து இந்த வாட்ஸ்அப் குழுவில் பலர் ‘ஆர்ஐபி’ என்று மூன்று எழுத்து போட்டுவிட்டு நகர்கிறார்கள். அவர் கடைத் தொட்டிலில் தூங்கி, அவர் கடை மணையில் உட்கார்ந்து தாலி கட்டியவர்கள். இன்னும் நாலு எழுத்து போட்டால் குறைந்தா போவீர்கள்?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சின்ன காஞ்சிபுரத்தில் தாத்தா ஆரம்பித்து, அப்பா நடத்தி, இவர் கைக்கு வந்த கடை.

அந்தத் தாத்தா ஒரு கோல் வெட்டி வைத்துவிட்டுப் போனார். தன் முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரைக்கும் அளந்து வெட்டிய கோல். இன்றுவரை அந்தக் கடையில் எந்த நாற்காலிக்கும் கால் உயரம் அதுதான். ஆயுத பூஜையில் ரம்பத்துக்கு முன்னால் அந்தக் கோலுக்குத்தான் சந்தனம், குங்குமம்.

தாத்தா பனைமரம் மாதிரி ஆள். நான் அப்படி இல்லை.

நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். யாரிடமும் படித்ததில்லை, எரிந்த மோட்டார்களைப் பிரித்துப் பிரித்து நானாகக் கற்றது. நாளெல்லாம் உட்கார்ந்து செய்கிற வேலை. அவரிடம் ஒரு நாற்காலி வாங்கினேன்... கால் தரைக்கு எட்டவில்லை. சாயங்காலம் இறங்கினால் இரண்டு காலும் மரத்துப்போயிருக்கும்.

கடைக்குப் போனேன்.

“ரெண்டு இஞ்ச் அறுத்துக் குடுப்பா. காலு தொங்கிக்கினு இருக்குது.”

“தாத்தா அளவுபா அது. அவருக்குத் தொங்கல.”

“அவரா வந்து எங்கடையில காயில் கட்டப் போறாரு?”

“நாற்காலி சரியாத்தான் இருக்குது. உன்னை செஞ்சவன்தான் அளவைக் குறைச்சுட்டான். அவன்கிட்ட போய்க் கேளு.”

விடுவேனா? ஷேர் ஆட்டோவில் நாற்காலியை ஏற்றிக்கொண்டு ஐயம்பேட்டையில் வேறொரு தச்சரிடம் போனேன். அவர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். “இது நான் தொழில் கத்துக்கின கடைப் பொருளு. நான் கை வைக்க மாட்டேன்பா” என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

விஷயம் கஜேந்திரன் காதுக்குப் போனது. ஒரு கால்பலகை செய்து அனுப்பினார். தேக்கு, பாலிஷ் போட்டு, இலவசமாக.

திருப்பி அனுப்பினேன். பலகையை வாங்கிக்கொண்டால் நாற்காலி சரி, என் கால்தான் தப்பு என்று ஆகிவிடும். அவர் மறுபடி அனுப்பினார். நான் மறுபடி... அந்தப் பலகை ஊருக்குள் என்னைவிட அதிகமாக நடந்திருக்கிறது.

இத்தனைக்கும் கஜேந்திரனும் என் உயரம்தான். கல்லாவில் நாற்காலி மேல் சம்மணம் போட்டுத்தான் உட்காருவார். “ஏன்பா, காலைக் கீழ விட வேண்டியதுதானே?” என்று கேட்டால், “பழக்கம்பா” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நேற்றும் இதுதான். “அளவு ஜாஸ்தின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு, நான் போயிடறேன்” என்றேன்.

“சொல்லிட்டா நாளைக்கு நீ எதுக்கு வரப்போற?” என்றார்.

இன்று போனேன்.

பந்தலில் கடை நாற்காலிகளைத்தான் போட்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் வரிசையாக, பள்ளிப் பிள்ளைகள் மாதிரி காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஏறி உட்கார்ந்தேன்.

இனிமேல் கடையைப் பார்க்கப்போகிற அவர் மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மாமா, காரியம் முடியட்டும். உங்க நாற்காலிய நான் அறுத்துக் குடுத்துடறேன்.”

“உங்க அப்பா தப்புன்னு சொல்லலியேமா.”

“இனிமே அவரு எங்க மாமா சொல்றது?”

“அப்போ அது அப்படியே இருக்கட்டும்.”

அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கஜேந்திரா... இப்பவும் சொல்றேன், நாற்காலி உயரம்தான்.

போய் வாப்பா.