வேகாத பருப்பும் நனைந்த கையும்

அறுபதுகளின் தொடக்கம். ஆத்தூரில் பிறந்த நான் திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டு வந்த முதல் கோடை. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் தண்ணீர்தான். இங்கே அது இரண்டு வகை. கொல்லைக் கிணற்றில் இறைப்பது உப்புத் தண்ணீர். குளிக்கவும் பாத்திரம் கழுவவும். தெருக்குழாயில் காத்துக் கிடந்து பிடிப்பது நல்ல தண்ணீர், அதில்தான் சமையல்; உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. பித்தளைக் குடத்தில் நல்ல தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது.

அன்று என் நாத்தனாருக்காக ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பெண்ணை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். இன்று நம் வீட்டில் கை நனைத்தால், அதாவது இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால், சம்பந்தம் உறுதி. இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் காபியோடு எழுந்து போனவர்கள். மாமியாருக்குக் காலையிலிருந்தே கை கால் ஓடவில்லை.

துவரம்பருப்பு உலையில் குதிக்கிறது, குதிக்கிறது, வேகவே இல்லை. நசுக்கிப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. சந்தேகம் வந்து குடத்துத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன். ஒரே உப்பு! குடம் காலியாக இருந்ததைப் பார்த்த என் வீட்டுக்காரர், உதவி செய்வதாக நினைத்துக் கொல்லைக் கிணற்றில் இறைத்து நிரப்பி வைத்திருக்கிறார். சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதருக்கு அன்றைக்குத்தானா கரிசனம் பொங்க வேண்டும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பே தேவையில்லை, நானே கொதித்தேன்.

"போச்சு, இதுவும் போச்சு" என்று மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் முகம் வெளுத்து நின்றாள். "கொட்டிரவா மதினி?"

"கொட்டாத. வெந்தாத்தான சாம்பாரு? வேகலைன்னா அரைப்போம். போயி அம்மியக் கழுவு" என்றேன். அவர்கள் கை நனைக்காமல் இந்த வீட்டுப் படி இறங்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுத் தோல் வியாபாரியின் மனைவி விஷயம் கேட்டுச் சுவருக்கு மேலே ஒரு குடம் நல்ல தண்ணீரை நீட்டினார். "இம்புட்டுத்தான் இருக்கு புள்ள, எடுத்துக்க. நான் சாயங்காலம் புடிச்சுக்கிறேன்." அந்தக் கோடையில் அது சின்ன உதவி இல்லை. இன்றும் நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

அந்த ஒரு குடம் சோற்றுக்கும் குழம்புக்கும் ஆயிற்று. பருப்பை வடித்து, மிளகாய் வற்றல், சோம்பு வைத்துக் கரகரப்பாக அரைத்தோம். பருப்பு கொதித்த தண்ணீரிலேயே உப்பு இருந்ததால் உப்பைக் குறைத்துக்கொண்டோம். உருட்டிப் புளிக்குழம்பில் போட்டால் முதல் உருண்டை அப்படியே கரைந்து போனது. விடுவேனா? மீதியில் ஒரு பிடி அரிசி மாவைப் பிசைந்து, இட்லிச் சட்டியில் அவித்துப் போட்டேன். உடையாமல் நின்றது. கரைந்த உருண்டையும் வீணாகவில்லை, குழம்பு கெட்டிப்பட்டது.

வந்தவர்கள் இலையில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா இலையைப் பார்த்துவிட்டு, கை வைக்காமலே கேட்டார். "ஏனுங்க, சாம்பார் வெக்கலீங்களா?"

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து நாத்தனார் குரல் வந்தது.

"பருப்பு வேகலைங்க. தண்ணி மாறிப்போச்சு. கொட்ட மனசில்லாம, மதினியும் நானும் அரைச்சு உருண்டை போட்டுட்டோம்."

அந்த அம்மா ஒரு உருண்டையைப் பிட்டு, குழம்புச் சோற்றோடு பிசைந்து, ஒரு வாய் சாப்பிட்டார்.

"எங்கூர்த் தண்ணியும் இதே லட்சணந்தானுங்க. இந்தப் புள்ள அங்க வந்து பொழச்சுக்கும். இன்னும் ரெண்டு வெய்யுங்க."

நான் கரண்டியோடு சமையலறைக்குள் ஓடி, நாத்தனாரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

இத்தனை வருடம் கழித்தும், அடுப்பில் எது கெட்டாலும் சரி, குடும்பத்தில் எது கெட்டாலும் சரி, கொட்டுவதற்கு முன் ஒரு கை எடுத்து அம்மியில் வைத்துப் பார்க்காமல் நான் விடுவதில்லை.