தட்டாமல் வாங்கிய ஜாடி

கிண். கிண். கிண். டொக்.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழியில் ஒரு செராமிக் பட்டறை. சூளையிலிருந்து இறக்கிய கப்புகளை முன்னால் பரப்பிக்கொண்டு இரண்டு பெண்கள் விரல் நகத்தால் சுண்டிச் சுண்டிப் பிரிக்கிறார்கள். கிண் என்றால் நல்லது, கூடைக்குப் போகும். டொக் என்றால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல், சுவரோரக் குவியலில் போய் விழும். அந்த டொக் காதில் பட்டதும் நின்றுவிடுகிறேன். மேலே வெயில் கொளுத்துகிறது, லாரி ஒன்று அலறிக்கொண்டு போகிறது, என் மூக்கில் மட்டும் ஈரப்புல் வாசம். போன வருடம் போய்வந்த இங்கிலாந்துக் கிராமத்தின் வாசம். வாயோரம் ஒரு சிரிப்பு வருகிறது. அவ்வளவு நல்ல சிரிப்பு இல்லை அது.

எங்கள் ஊரில் புதுக் கப்பை யாரும் அப்படியே வாயில் வைத்துவிட மாட்டார்கள். ஒரு சுண்டு, ஒரு கணம் காது, பிறகுதான் உதடு. அப்பாவுக்குப் பட்டறையில் தரம் பிரிக்கிற வேலை. அவர் சொல்லாமலே அவர் விரல் சுண்டும். அக்காவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கச் சென்னைக்குப் போன அன்றும் சுண்டியது. பூப்போட்ட கப்பில் காபி வந்தது. அப்பா சுண்டினார், தலையைச் சாய்த்துக் கேட்டார். கூடத்தில் எல்லோர் கண்ணும் அவர் விரல் மேல் போனது. மாப்பிள்ளைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்னங்க, விஷம் கிஷம் வச்சிருக்கோமான்னு பாக்கறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவர் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அந்த மாப்பிள்ளை அக்காவைக் கட்டி எனக்கு மாமா ஆன பிறகும் விடவில்லை. வளைகாப்பு, காதுகுத்து, எதுவானாலும் நாலு பேர் கூடிவிட்டால் போதும், ஒரு கப்பை எடுத்துச் சுண்டி, அப்பாவைப் போலவே தலையைச் சாய்த்து, "இதாங்க விருத்தாசலம் டெஸ்ட்டு" என்பார். அப்பா அந்த வீட்டில் பிறகு எதையும் குடித்ததில்லை. "இப்பதான் குடிச்சிட்டு வரேன் மாப்ள" என்பார். வலது கை துண்டுக்குள் இருக்கும். திருட்டுக் கையைப் போல அது ஒளிந்திருக்கும். கடைசியில் அப்பாவின் கருமாதிப் பந்தலிலும், கையில் கொடுத்த காபிக் கப்பைச் சுண்டிவிட்டு மாமா சொன்னார்: "மாமா இருந்திருந்தா பாஸா ஃபெயிலான்னு சொல்லியிருப்பாரு."

அன்றைக்கு எனக்குள் ஒரு சூளை மூட்டியாகிவிட்டது.

மாமாவோடு இங்கிலாந்தில் குடியிருக்கும் அக்கா கூப்பிட்டாள், அதனால் அங்கே போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பாதி நிஜம். மீதிப் பாதியைப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்து எடுத்துப் போனேன். அந்த மனுஷனை அவர் வீட்டில், அவர் ஆட்கள் முன்னால், ஒரு தடவையாவது காது மடல் சிவக்க வைக்காமல் திரும்புவதில்லை. எப்படி என்று மட்டும் தெரியாது.

கிராமம் அழகாகத்தான் இருந்தது, அதுவே எரிச்சலாக இருந்தது. தேன் நிறத்தில் கல் வீடுகள். சாய்ந்த கல்லறைகளுக்கு நடுவே தேவாலயம். தெருவைக் குறுக்கே வெட்டிப் போகும் ஓடையில் வாத்துகள், மழை, வெயில், மறுபடி மழை. எல்லாவற்றையும் தானே கட்டி முடித்ததுபோல மாமா காரை ஓட்டியபடி காட்டிக்கொண்டு வந்தார். நான் ஏதோ கவிதை எழுதுவேன் என்பதால் அவர் வாயில் நான் எப்போதும் கவிஞர்.

"பாத்தீங்களா கவிஞரே, இதுதான் இங்க ரொம்ப காஸ்ட்லியான வூடு. கூரை வேய்ஞ்சது."

"எங்க கருவேப்பிலங்குறிச்சி பக்கம் கூரையப் பிரிச்சித் தளம் போட்டாதான் மாமா பொண்ணே குடுப்பாங்க."

அக்கா பின்சீட்டில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

அடுத்த நாள் இடிந்த கோட்டை. அதற்கடுத்து ஒரு பிரபுவின் மாளிகை, அதன் தோட்டம், தோட்டத்துக்குள் ஓர் ஏரி. "இந்த மாதிரி ஏரிய நீங்க பாத்திருக்க மாட்டீங்க" என்றார். திட்டக்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்று இருக்கிறது, உங்கள் வெள்ளைக்காரன் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது, நிறைந்தால் அக்கரை தெரியாது என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. பேச்சில் ஜெயித்து என்ன ஆகப்போகிறது?

மாளிகையிலிருந்து திரும்பும் வழியில் பழைய சாமான் கடை ஒன்று. மாமாவுக்கு அங்கே ஒரு ஜாடி பிடித்துப்போனது. தேநீர் ஊற்றுகிற ஜாடி, வளைந்த மூக்கு, வெள்ளையில் நீலப்பூ. ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்களைத் தோட்டத்தில் தேநீருக்கு அழைத்திருந்தார், அதற்காக. அவர் கடைக்காரரிடம் ஜாடியின் வம்சத்தை விசாரித்துக்கொண்டிருந்தபோது நான் சும்மா நின்றேன். என் விரல் சும்மா நிற்கவில்லை.

டொக்.

ஜாடியின் அடிவயிற்றில் கீறல். வெந்நீர் பட்டால் தாங்காது.

மாமா திரும்பினார். "எப்டி இருக்குது, உங்க ஊரு சாமான் மாதிரியா?"

"சேச்சே. எங்க ஊர்ல இத செய்யவே முடியாது மாமா. வாங்கிடுங்க."

குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு அவர் காருக்கு நடந்தார். பின்னால் நான் நடந்தேன். அன்று பெய்த மழை என் மேல் விழவே இல்லை.

ஞாயிறு மதியம் ஒரே ஒரு பயம் வந்தது. அக்கா ஜாடியைக் கழுவ எடுத்தாள். அவளும் அப்பா மகள்தான். குழாயடியில் திருப்பித் திருப்பிக் கழுவினாள், துணியால் துடைத்தாள், பிறகு நான் பயந்தது நடந்தது. அவள் நகம் போய்ப் பட்டது. டொக். சமையலறையில் கெட்டில் மட்டும் கொதிக்கிற சத்தம்.

என்னைப் பார்த்தாள்.

"கடையில நீ கூடதான இருந்த?"

"இருந்தேன்."

"தட்டிப் பாக்கலியா?"

"பாத்தேங்கா."

அவள் ஜாடியைத் தட்டில் நடுவாக வைத்தாள். கப்புகளை அடுக்கினாள். இத்தனை வருடங்களில் எத்தனை விருந்துகளில் அவள் அந்த விருத்தாசலம் டெஸ்ட்டைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அது எப்போதாவது ஒரு விசேஷத்தில் வருவது, அவளுக்கு அதுதான் குடித்தனம்.

"நீ ஊத்தாத, நானும் ஊத்தல. அவரே ஊத்தட்டும்" என்றாள்.

தோட்டத்தில் வெள்ளை மேஜைவிரிப்பு. பக்கத்து வீட்டு வயதான தம்பதி, எதிர் வீட்டு டீச்சரம்மா. மாமா ஜாடியின் பெருமையை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே தேயிலையைப் போட்டு, வெந்நீரை அதில் நிரப்பி, மூடி, ஒரு கையால் தூக்கினார். ஜாடியின் மேல்பாதிதான் அவரோடு வந்தது. அடிப்பாகம் மேஜையிலேயே இருந்துவிட்டது. தேநீர் விரிப்பில் ஓடி, கேக்கைச் சுற்றி வளைத்து, அவர் பேண்டில் இறங்கியது. அவர் துள்ளிய துள்ளலில் நாற்காலி சாய்ந்தது. தொடையில் சிவந்ததைவிடக் காதில்தான் அதிகம் சிவந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிறம் எனக்குத் தெரியும்.

"இப்பதான வாங்கினேன், எப்டி...?" கையில் ஜாடியின் மேல்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தட்டிப் பாத்து வாங்கியிருக்கணும் மாமா."

சத்தமில்லாமல்தான் சொன்னேன். விருந்தாளிகளுக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. அந்த மத்தியானத்தை இப்போது நினைத்தாலும் தித்திப்பாகத்தான் இருக்கிறது. வருத்தம் வருமா என்று தேடிப் பார்த்தேன், வரவில்லை.

நான் கிளம்பிய காலை, வாசலில் டாக்ஸி நின்றது. பெட்டியை ஏற்றியாகிவிட்டது. அக்கா அவசரமாகப் புதுக் கப்புகளில் காபி கொண்டுவந்தாள். மாமா இரண்டு நாளாக என்னிடம் அதிகம் பேசவில்லை. கப்பை வாங்கினார், வாயருகே கொண்டுபோனார், நிறுத்தினார். அவர் விரல் மெல்ல எழுந்து கப்பின் ஓரத்தைச் சுண்டியது. தலை தானாகச் சாய்ந்தது. இந்தத் தடவை அது நடிப்பு இல்லை.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"என்னங்க, விஷம் கிஷம் வச்சிருக்கேனான்னு பாக்கறீங்களா?"