மைல்கல்லில் கழற்றும் தொப்பி

கே.ஜி.கண்டிகைக்கு அரை மைல் இருக்கும்போதே, சாய்ந்த மைல்கல் ஒன்றின் பக்கத்தில் எலியேசர் வண்டியை நிறுத்துகிறார். இன்ஜினை அணைப்பதில்லை. அணைத்தால் மறுபடி உதைத்துக் கிளப்பவேண்டும். அதற்குத் தெம்பு வேண்டாமா? ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, தாடைக்கு அடியில் இருக்கும் வாரை அவிழ்க்கிறார். தலையிலிருந்து இரும்புத் தொப்பியை எடுத்து ஹாண்டில்பாரில் மாட்டி, அதன்மேல் ஒரு கோணிப்பையைப் போர்த்துகிறார். பிறகு ஒரு பெருமூச்சு, பிறகு கியர். ஊரைத் தாண்டியதும் மறுபடி நிறுத்தி, பையை எடுத்து, தொப்பியை மாட்டி, வாரை இழுக்கிறார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு முதல் தடவை இது வேடிக்கையாக இருந்தது. நாலாவது ஊர் வருவதற்குள் எனக்கே கை சலித்துவிட்டது.

எலியேசர் திருத்தணி மிஷன் ஆஸ்பத்திரியின் மோட்டார் சைக்கிள்காரர். வயது முப்பத்தெட்டு; பார்த்தால் ஐம்பது. யுத்தத்தில் ராணுவத் தபாலை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனவர். யுத்தம் முடிந்து ராணுவத்தார் ஏலம் போட்ட வண்டி ஒன்றை ஆஸ்பத்திரி எடுத்தபோது, வண்டியோடு இவரும் வந்து சேர்ந்தார். வண்டிக்கு 'கழுதை' என்று பெயர் வைத்திருக்கிறார். பெட்ரோல் கூப்பனுக்கு இருக்கும் பஞ்சத்தில் டாக்டரம்மாவின் கார் எல்லா ஊருக்கும் போகமுடியாது. சீக்கு என்று சொல்லி ஆள் வந்தால் முதலில் எலியேசர் போவார். கையோடு கொண்டுபோன மருந்தைக் கொடுப்பார். நோயாளியின் நிலைமை மோசம் என்று அவர் திரும்பி வந்து சொன்னால்தான் கார் கிளம்பும்.

தொப்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். வெளியே இரும்பு ஓடு, உள்ளே தோல், இரண்டு பக்கமும் காதை மூடித் தொங்கும் தடித்த தோல் மடல். இடது பக்கம் கொய்யாப்பழ அளவுக்கு ஒரு நசுங்கல். இம்பால் ரோட்டில் லாரி இடித்துப் பள்ளத்தில் விழுந்த அன்று கிடைத்தது. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்பார்கள். எலியேசர் தலை தப்பியது இந்த ஓட்டின் புண்ணியம். அதுவும் முழுசாகத் தப்பவில்லை. நசுங்கலுக்கு நேராக, காதுக்கு மேலே மண்டையோட்டில் ஒரு விரிசல். "இன்னொரு அடி அதே எடத்துல பட்டா நீ எழுந்திருக்க மாட்டேன்னு மிலிட்டரி டாக்டரு சொல்லிட்டாரு சார்" என்கிறார், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லுகிற குரலில்.

எங்கள் ஊரில் இன்னொரு மோட்டார் சைக்கிளும் உண்டு. மரக்காண்டிராக்டர் மகன் ராஜகோபாலுடையது. அவன் தொப்பி போடமாட்டான்; கிராப்பு கலைந்துவிடும். "ரோட்டுல என்னாண்ணா யுத்தமா நடக்குது?" என்று கடைத்தெருவில் எல்லார் முன்னாலும் எலியேசரைக் கேட்டான். "ஆங், நடக்கலப்பா" என்று சொல்லிவிட்டு எலியேசர் டீயைக் குடித்தார். போடுகிறவருக்கு அதன் அருமை தெரியும். போடாதவனுக்குப் பயம் தெரியாது. இதில் வாதம் பண்ண என்ன இருக்கிறது?

அவ்வளவு அருமை தெரிந்தவர் ஊருக்குள் மட்டும் ஏன் கழற்றுகிறார்? விழுந்தால் ஊருக்குள்தான் விழவேண்டும். பெரிய ரோட்டில் எதிரே வருவது எப்போதாவது ஒரு பஸ். ஊருக்குள்ளோ கோழி, கன்றுக்குட்டி, வண்டிச்சக்கரம் அறுத்த பள்ளம், சாணிச் சகதி எல்லாம் உண்டு. போன மார்கழியில் அம்மையார்குப்பத்தில் நெசவுக்காரர்கள் தெருவில் பாவுநூல் நீட்டக் கட்டியிருந்த கயிறு ஒன்று கழுத்தில் மாட்டி, வெறுந்தலையோடு விழுந்தார். வலது பக்கமாக விழுந்ததால் பிழைத்தார். அதற்கு அடுத்த நாளும் மைல்கல்லில் நிறுத்தினார், கழற்றினார்.

காரணம் ஊரறிந்ததுதான். நாற்பத்தாறாம் வருஷம் சித்திரை மாதம். ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாந்திபேதி. வீராசாமி என்ற குடியானவர், மனைவி ஜெயம்மா படுத்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பியிருந்தார். எலியேசர் பறந்து போனார், தலையில் தொப்பியோடு. அந்தச் சமயத்தில் ரேஷனுக்கென்று வீடு வீடாக நெல் பிடிக்கும் சர்க்கார் ஆபீசர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் காக்கி, அவர்களும் தொப்பி, அவர்களுக்கும் மோட்டார். புழுதியைப் பார்த்ததும் ஊரே கரும்புத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்தது. வீராசாமியின் வீட்டில் வைக்கோலுக்கு அடியில் இரண்டு மூட்டை விதைநெல் இருந்தது. ஆள் இல்லாத வீடு என்று ஆபீசர் நினைக்கட்டும் என்று, மனைவியை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு அவரும் ஓடினார். "என்னா ஆனாலும் சத்தம் காட்டாதே" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் ஓடினார்.

எலியேசர் பூட்டிய கதவைத் தட்டினார். கூப்பிட்டார். பதில் இல்லை. வண்டி கட்டி வேறு எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்பினார். டாக்டரம்மாவிடம் அப்படியே சொன்னார். கார் கிளம்பவில்லை. ஆபீசர் திரும்பி வருவானோ என்று பயந்து, பொழுது சாய்ந்துதான் வீராசாமி தோட்டத்திலிருந்து வந்தார். ஜெயம்மா சொன்ன சொல் தட்டாதவள். சத்தம் காட்டவில்லை. அவர் வந்து கதவைத் திறந்தபோது பேச்சும் நின்றிருந்தது. மாட்டுவண்டியில் ஏற்றி ஊர் எல்லை தாண்டுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

இதை எழுதும்போது எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. விதைநெல்லை ஒளித்தவர்மேலா? கோபம் வருவதற்கு முன் அலுப்பு வந்துவிடுகிறது.

எலியேசரின் மனைவி மார்த்தாள் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கிறார். சாயங்காலம் புருஷன் வாசலில் இறங்கியதும் அந்த அம்மாள் முதலில் பார்ப்பது அவருடைய தலைமயிரை. தொப்பி இருந்தால் மயிர் கறுப்பாக இருக்கும். கழற்றினால் செம்மண் படிந்துவிடும். எத்தனை ஊர் என்றுகூடச் சொல்லிவிடுவார். அதனால் எலியேசர் ஸ்டேஷன் குழாயில் தலையைக் காட்டிவிட்டு ஈரத்தலையோடு வீட்டுக்கு வருவார். ஈரத்தைப் பார்த்ததும் மார்த்தாளுக்குச் சங்கதி புரிந்துவிடும். "ரெண்டு பொண்ணுங்களை வச்சிகினு நான் எங்க சார் போவேன்? நீங்களாச்சும் சொல்லுங்க. செத்தவளுக்காக இவரும் சாவணுமா?" என்று என்னிடம் கேட்டார். எலியேசர் தலையைத் துவட்டிக்கொண்டே, "காபி இருக்குதா?" என்றார். கடைசியில் மார்த்தாள் காபி கலக்கப் போனார்.

ஆடிக் கிருத்திகைக்குப் பள்ளிக்கூடம் லீவு. அன்றுதான் நான் அவரோடு போனேன். ஒரு வாத்தியார் சொன்னால் கேட்பார் என்று மார்த்தாள் நம்பியிருந்தார். எதிரே காவடிகள் திருத்தணி மலையைப் பார்க்க வந்துகொண்டிருந்தன. மஞ்சள் துணி, பம்பை, காவடியைத் தூக்கமுடியாமல் தூக்கிய குழந்தைகள். வீராசாமியின் ஊர் வந்தது. மைல்கல்லுக்குப் பக்கத்தில் அவரே நின்றுகொண்டிருந்தார். மெலிந்த மனிதர், தோளில் கிழிந்த துண்டு. எலியேசர் வாரில் கை வைத்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"கழட்டாதீங்க நைனா. உங்களை இப்போ எல்லாருக்கும் தெரியும். இந்த வண்டிச் சத்தம் கேட்டா பசங்க ஓடியாருதுங்க. எவனும் ஓடி ஒளிய மாட்டான். போட்டுகினே வாங்க. உங்களுக்கு எதுனா ஆச்சின்னா அந்தப் பாவமும் என் தலையிலயா?"

"சரிங்க" என்றார் எலியேசர். பிறகு கழற்றினார், ஹாண்டில்பாரில் மாட்டினார், பையைப் போர்த்தினார். வீராசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஊரைக் கடந்ததும் கேட்டுவிட்டேன். அவரே வேண்டாம் என்கிறார், அப்புறம் யாருக்காக இந்தப் பிடிவாதம்?

எலியேசர் வண்டியை மெதுவாக்கி, முகத்தைக் கொஞ்சம் திருப்பிச் சொன்னார். "ஜனங்க பயப்படுதுன்னுதான் மொதல்ல கழட்டினேன் சார். இப்போ அது இல்ல. அன்னிக்குக் கதவாண்ட நின்னப்போ தொப்பி என் தலையிலதான் இருந்திச்சி. தோலு ரெண்டு காதையும் மூடிகினு இருந்திச்சி. வாசல்ல கழுதை வேற கத்திகினு இருந்திச்சி. அவ சத்தம் காட்டலன்னு வீராசாமி சொல்றாரு. அவரு எங்க பார்த்தாரு? அவரு கரும்புல இருந்தாரு. உள்ள முனகினாளோ என்னவோ. தண்ணின்னு கேட்டாளோ என்னவோ. எனக்குக் கேக்கல. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

மார்த்தாளுக்காக இவரிடம் சொல்ல நான் மனசுக்குள் சேர்த்துவைத்திருந்த புத்திமதி அத்தனையும் அதோடு காலி.

திரும்பும் வழியில் கடைசியாகக் கே.ஜி.கண்டிகை. ஜுரத்தில் கிடந்த ஒரு கிழவருக்கு மாத்திரை கொடுக்கவேண்டும். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மாள் முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஜுரம் விட்டுப்போச்சிங்க. எல்லாரும் மலைக்குக் காவடி எடுத்துகினு போயிட்டாங்க. பெரியவரும்தான். கார்த்தாலேயே வண்டி கட்டிட்டாங்க. நானே பார்த்தேன்."

"ஆங், சரிம்மா" என்றார் எலியேசர்.

வண்டிக்குத் திரும்புவார் என்று நினைத்து நான் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவர் இன்ஜினை அணைத்தார். அன்று காலையிலிருந்து அதை அணைத்தது அப்போதுதான். கையைத் தூக்கி என்னை அசையவேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, பூட்டிய கதவுக்குப் போனார். செம்மண் படிந்த தலையைச் சாய்த்து, வலது காதைப் பலகையோடு ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். கொஞ்சநேரம் கழித்துத் தலையைத் திருப்பி, விரிசல் இருக்கும் இடது பக்கத்தை வைத்தார்.