எச்சில் விழுங்கும் சாட்சி

தெருவில் அவரை எல்லோரும் ‘பிணம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவரும் திரும்பிப் பார்ப்பார். டிவி சீரியல்களில் செத்துக் கிடப்பதுதான் அவர் பிழைப்பு. தண்ணீரில் மிதந்திருக்கிறார், மாடிப்படியில் உருண்டிருக்கிறார், கல்யாண வீட்டில் விஷம் குடித்திருக்கிறார். மூச்சை அடக்கி, இமை ஆடாமல் கிடப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

“நீ நிஜமா செத்தாலும் எவனும் நம்ப மாட்டான்டா. அடுத்த ஷாட்டுக்கு எழுந்திரும்பான்” என்பாள் அவருடைய அக்கா.

எப்போதாவது வசனம் கிடைத்தால் பிசிறில்லாமல் பேசுவார். சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டி வந்தால்தான் வினை. எச்சில் விழுங்குவார், பார்வை தரைக்கு நழுவும். வாடகை கட்டிவிட்டேன் என்று சொல்லும்போதுகூடக் கட்டாதவர் மாதிரியே நிற்பார்.

மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது மனைவி போய்விட்டாள். துவைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனவள்தான். அதன் பிறகு ஒரு வார்த்தை இல்லை. அக்கா தன் பெட்டியோடு வந்து சேர்ந்து குழந்தையை வளர்த்தாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மகள் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

“அம்மா போன் பண்ணாங்களாப்பா?”

எச்சில் விழுங்குவார். “இல்ல கண்ணு.”

அவள் படித்து முடித்து வேலைக்குப் போன வருஷம் அவருக்கு அந்த வாய்ப்பு வந்தது. துப்பறியும் வீடியோ கேம் ஒன்று. சினிமா மாதிரி கதை போகும். விளையாடுகிறவர்தான் துப்பறிவாளர். சாட்சி பதில் சொல்லும்போது அவன் முகத்தை உற்றுப் பார்த்து, ‘நம்பு’ அல்லது ‘சந்தேகி’ என்று அழுத்த வேண்டும். அதற்கு நிஜ மனிதர்களின் முகம் தேவைப்பட்டது. இவருக்கு லிஃப்ட் இயக்குகிறவர் வேஷம்.

வெள்ளை அறை, நடுவில் ஒரு நாற்காலி, சுற்றிலும் கேமராக்கள். கழுத்திலிருந்து மேலே மட்டும்தான் வேண்டுமாம். தலை அசையக் கூடாது. ஒவ்வொரு பதிலையும் உண்மையாக ஒரு தடவை, பொய்யாக ஒரு தடவை சொல்ல வேண்டும்.

“சார், உண்மைய நடிக்காதீங்க” என்றாள் டைரக்டர். மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்திருப்பாள். “உங்க வீட்டுல நெஜமா நடந்தத மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லுங்க.”

அவர் மகளின் கேள்வியை நினைத்துக்கொண்டார். “அன்னிக்கு லிஃப்டுல யாரும் ஏறலை” என்றார். தொண்டை ஏறி இறங்கியது, கண் தாழ்ந்தது. அடுத்து பொய். அது வெறும் வசனம்தானே? கேமராவை நேராகப் பார்த்து, அரிசியில் கல் இல்லை என்பது போலச் சொன்னார்.

டைரக்டர் திரையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். “சார், உங்க உண்மையப் பாத்தா கொலையே நீங்கதான் பண்ணீங்கன்னு தோணுது! ரெண்டையும் மாத்திப் போட்டுடறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

கேம் வெளிவந்ததும் மகள் ஒரு விடுமுறை நாளில் முன்னறையில் உட்கார்ந்து விளையாடினாள். பக்கத்தில் அத்தை. முதல் இரண்டு கேள்வியில் அப்பாவிடம் ஏமாந்தாள். பிறகு பிடிபட்டது.

“அத்தை, பாரேன்! எச்சில் முழுங்குறாரு, கீழ பாக்கறாரு. அப்ப பொய்!” அழுத்தினாள். சரியாக இருந்தது.

“மாட்டினான்டி என் தம்பி!” அத்தை கை தட்டினாள். கதவோரம் நின்றிருந்த அவருக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மகள் அதே பதிலைத் திரும்பப் போட்டாள். மறுபடியும் போட்டாள். அவள் சிரிப்பு எப்போது நின்றது என்று அவர் கவனிக்கவில்லை.

“அப்பா, இங்க வா. என்னைப் பாத்துச் சொல்லு. அம்மா போன் பண்ணாங்களா?”

“இல்ல கண்ணு.”

“முழுங்கினே.”

“ஐயோ, அது அந்தப் பொண்ணு மாத்திப் போட்டதும்மா. என் உண்மையத்தான் பொய்ன்னு...” தொண்டை மறுபடி ஏறி இறங்கியது.

“இப்பவும் முழுங்கற.”

அவள் முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்து நிமிர்ந்தார். இருந்தது ஆசை. அம்மா கூப்பிட்டிருக்க வேண்டும் என்ற ஆசை. இத்தனை பிறந்தநாளும் அவள் எதைக் கேட்டாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மகளின் கண்ணை நேராகப் பார்த்தார். யாரோ எழுதிக் கொடுத்ததைப் போலத் தெளிவாகப் பேசினார்.

“பண்ணா. ஒவ்வொரு பொறந்தநாளைக்கும். நான்தான் உன்கிட்ட சொல்லலை.”

இமைகூட ஆடவில்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன கேட்டாங்க?”

“சாப்பிட்டியான்னு. உசரமா வளந்திருக்கியான்னு.”

மகள் அழுதாள், அழுகைக்கு நடுவே சிரித்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

“நம்பர் குடு.”

அதை அவர் யோசிக்கவில்லை.

“நம்பர் இல்லம்மா.” விழுங்கினார்.

“பொய்.”

“சத்தியமா என்கிட்ட இல்லம்மா.” கண் தரைக்குப் போயிற்று.

“அடியே, உங்கம்மா பண்ணவே இல்லடி. இவன் உளர்றான்” என்று அத்தை குறுக்கே வந்தாள்.

“நீயும் கூட்டா?”

அவருடைய போனைப் பிடுங்கித் தேடினாள். அலமாரியைக் கொட்டினாள். பிறகு தன் துணிகளை மட்டும் எடுத்துப் பையில் அடைத்தாள். திரையில் அவருடைய முகம் மூச்சு விட்டுக்கொண்டு, அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தது. அக்காதான் போய்த் திரையை அணைத்தாள்.

மகள் இப்போது விடுதியில் இருக்கிறாள். போன பிறந்தநாளன்று அவளே கூப்பிட்டாள்.

“இப்பவாவது அம்மா நம்பரைக் குடுப்பியா?”

போனில் முகம் தெரியாது. ஆனாலும் “இல்ல கண்ணு” வருவதற்கு முன்னால் விழுந்த அந்தச் சின்ன இடைவெளி அவளுக்குப் போதுமானதாக இருந்தது. வைத்துவிட்டாள்.