ராயன் துரையின் தாத்தா வீடு

இது இப்படித்தான் முடியும் என்று நான் முன்னமே சொல்லிவிட்டேன். ரயில் எஞ்சின் ஷெட்டில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். தெரியாது என்பவர்கள் அன்றைக்கு லீவில் இருந்திருப்பார்கள். ராயன் துரை இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற மாட்டார், கடற்கரையில்தான் கண்ணை மூடுவார், அதுவும் ஐப்பசி மழையில்தான் என்று மாதம் உள்படச் சொன்னவன் நான். சொன்னது பலித்தால் மனிதனுக்குக் கொஞ்சமாவது பெருமை வரவேண்டும். இந்தத் தடவை வரவில்லை.

மாமல்லபுரத்துப் படகுக்கார முனுசாமி தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு வந்து இறங்கினான். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாத்த, தொரை பூட்டாரு."

"எப்படிடா?"

"மூணு நாளா ஜொரம். கால்வா பொங்கிக்கினு போவுது, படகு வுட முடியல. நேத்து சாயங்காலம் மய வுட்டுச்சி. ஆஸ்பத்திரிக்கு இட்டாரலாம்னு போனேன். நாற்காலில கடலப் பாத்து ஒக்காந்துகினு இருந்தாரு. கூப்ட்டேன். அவருக்குத்தான் காது கேக்காதே, அதான் திரும்பலன்னு நெனச்சிகினு வாசல்லயே நின்னேன்."

முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கிற தாளில் நாலு வரி எழுது என்று நண்பர்கள் கேட்டார்கள். நாலு வரியில் அடங்குகிற மனிதரா அவர்? எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட என்னிடம் கேட்டதற்குக் காரணம், பதினாறு வருஷம் அவரோடு ஒரே எஞ்சினில் நின்றவன் நான். அவர் டிரைவர், நான் ஃபயர்மேன். நான் கரி போட்டால் ஆவி ஏறுகிற மாதிரி இந்த மாகாணத்தில் வேறு யார் போட்டாலும் ஏறாது என்று துரையே சொல்லியிருக்கிறார். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் நினைத்திருப்பார்.

ஜெரால்டு ரையன் என்பது ரிஜிஸ்டரில் இருந்த பெயர். எங்கள் வாயில் அது ராயன் ஆயிற்று. பூர்விகம் அயர்லாந்து என்று அவர் முதல் தடவை சொன்னபோது, எஞ்சின் இரைச்சலில் என் காதில் அது ஐயர்லாந்து என்று விழுந்தது.

"இன்னா தொரை, அப்போ நீங்க ஐயரா? சொல்லவே இல்லியே!"

"ஆமா மேன். பூணூலு சக்கரத்துல மாட்டிக்கும்னு கழட்டி வெச்சிட்டேன். நீ கரியப் போடு."

அதற்கப்புறம் ஷெட்டில் ரொம்ப நாள் அவருக்கு ‘ஐயரு’ என்றே பெயர். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார்.

எஞ்சினில் ஒரு வழக்கம் உண்டு. சில வளைவுகளில் டிரைவர் நிற்கும் பக்கத்திலிருந்து கைகாட்டி தெரியாது. ஃபயர்மேன் எட்டிப் பார்த்து, கை இறங்கி வழி விட்டிருந்தால் ‘ரைட்’ என்று கத்த வேண்டும். டிரைவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு வாயும் சொன்ன பிறகுதான் வண்டி உள்ளே நுழையும். ஒரு மார்கழி விடியலில் கருங்குழி ஸ்டேஷனை நெருங்கும்போது பனி எங்களைப் போர்த்திக்கொண்டது. தினம் இறங்குகிற கைதானே, இன்றைக்கு மட்டும் ஏறியா இருக்கப்போகிறது என்று ‘ரைட்’ கொடுத்துவிட்டேன். துரை திருப்பிச் சொல்லவில்லை.

"பாத்தியா மேன்?"

"பாத்தேன் தொரை."

"கண்ணால பாத்தியா, மனசால பாத்தியா?"

நான் கரியைக் கிளறினேன். அவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, கைகாட்டிக் கம்பம் வரைக்கும் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கை நிமிர்ந்துதான் இருந்தது. ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. இரண்டு பர்லாங் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அங்கே இல்லை. துரை என்னை அடிக்கவில்லை, மேலே எழுதிப் போடவும் இல்லை. "அந்தப் பக்கம் என் கண்ணு நீதான் மேன். கண்ணே பொய் சொன்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்றார். அதற்கப்புறம் எஞ்சினில் நான் பார்க்காத எதையும் சொன்னது கிடையாது. எஞ்சினில்.

ரிட்டயர் ஆகிறபோது அவர் காது இரண்டும் போய்விட்டிருந்தன. முப்பது வருஷத்து விசில் சும்மா விடுமா? வலது காதில் குனிந்து கத்தினால் பாதி ஏறும், அதுவும் என் குரல் மட்டும்தான் ஏறும். தபால்காரர் சொல்வதும், சாமியார் மாதா கோவிலில் பிரசங்கம் செய்வதும் என் வாய் வழியாகத்தான் அவருக்குப் போயிற்று. பிரசங்கத்தைச் சாமியார் சொன்னதைவிட நான் நன்றாகவே ஆக்கிக் கொடுத்திருக்கிறேன்.

துரை மாதிரி ஆங்கிலோ இந்தியர் இருந்த ரயில்வே காலனியில் அப்போது வீடு வீடாகக் காலியாகிக்கொண்டிருந்தது. பியானோவை விற்றவர்கள், நாயைப் பட்லரிடம் விட்டவர்கள் எல்லோரும் கப்பல் ஏறினார்கள். துரையின் மனைவி முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகள் டோரத்தி புருஷனோடு இங்கிலாந்து போய், அப்பாவுக்கும் கப்பலில் இடம் பிடித்துக் கடிதம் போட்டாள். துரை அதை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தார். பிறகு ஒருநாள் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்.

"அங்க போனா நான் கருப்பன். இங்க இருந்தா வெள்ளக்காரன். எனக்குன்னு ஒரு வாசப்படி எங்க கீது, சொல்லு மேன்."

அவருடைய தாத்தா அயர்லாந்துப் பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தவராம். கடலோரம் வெட்டின படகுக் கால்வாய் வேலைக்கு ஓவர்சியராகி, மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு வீடு கட்டினாராம். முன்வாசலில் நின்றால் கால்வாய், பின்வாசலில் நின்றால் கடல். துரையின் அப்பா சின்ன வயசில் அதைப் பார்த்தாராம். அதோடு சரி, அந்தக் குடும்பத்தில் வேறு யாரும் பார்க்கவில்லை.

"அயர்லாந்துக்கு என்னால போவ முடியாது. இந்த வூடு நிக்குதான்னு மட்டும் பாக்கணும். நின்னா இங்கியே இருந்துடறேன். இல்லேன்னா கப்பல் ஏறிடறேன்."

"மாமல்லபுரத்துல எனக்குத் தெரியாத கல்லா தொரை? நான் புடிச்சித் தரேன்" என்றேன். அதுவரை அந்த ஊருக்கு நான் ஒரே தடவைதான் போயிருந்தேன், அதுவும் மாசி மகக் கூட்டத்தில்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ், பிறகு முனுசாமியின் படகு, பிறகு மணலில் நடை. ஓர் உப்புக் கொட்டகை அகப்பட்டது, கூரை போன ஒரு சத்திரம் அகப்பட்டது. தாத்தா வீடு அகப்படவில்லை. மூன்றாவது ஞாயிறு படகில் திரும்பும்போது துரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "போதும் மேன். டோரத்திக்கு வரேன்னு எழுதிடறேன்." அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் போய்விட்டால் நான் யார் காதில் கத்துவது? என் பேச்சைக் கேட்கிறவர்கள் செங்கல்பட்டில் நிறையப் பேர் உண்டு. நம்புகிறவர் அவர் ஒருவர்தான். இன்னும் ஒரே ஒரு வாரம் என்று கெஞ்சி அழைத்துப் போனேன்.

நாலாவது ஞாயிறு சவுக்குத் தோப்புக்கு அந்தப்புறம் அந்த வீடு தெரிந்தது. காரைச் சுவர், பாதி ஓடு சரிந்து கிடந்தது. முன்வாசல் கால்வாயைப் பார்த்தது, பின்வாசல் கடலைப் பார்த்தது. துரைக்கு முட்டிவலி, கரையிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் போனேன். சவுக்குக் கட்டு கட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம் இது யார் வீடு என்று கேட்டேன். அவர் சொன்னார். நான் அங்கிருந்தே கையைத் தூக்கி, கைகாட்டி இறங்குவது போல இறக்கினேன். அப்புறம் ஓடிவந்து துரையின் வலது காதில் கத்தினேன்.

"ராயன் வூடாம் தொரை! ராயன் வூடு!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "கேட்டியா மேன்?"

"என் ரெண்டு காதால கேட்டேன். கெயவரே சொல்றாரு."

திரும்பி வீட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு, எஞ்சினில் திருப்பிச் சொல்வாரே அந்தக் குரலில், "ராயன் வூடு" என்றார்.

நிலைப்படியைத் தடவிப் பார்த்தார். அறை அறையாக நடந்தார். பின்கட்டில் இடுப்புயரத்துக்கு ஒரு கல் பீடம் இருந்தது. தாத்தா கொடிக்கம்பம் நட்ட பீடம் என்று விளக்கினேன். அதில் இருந்த சின்ன மாடத்துக்குள் விரலை விட்டு, "இந்தப் பொந்து எதுக்கு மேன்?" என்றார். "வெளக்கு வெக்க தொரை." "சரி" என்றார்.

அன்றைக்கே டோரத்திக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டார். கேட்பார் இல்லாத வீடு, கிராம முன்சீப்பும் குறுக்கே நிற்கவில்லை. இரண்டு அறைக்குக் கீற்று வேய்ந்துகொண்டு, ஒரு நாற்காலியும் கட்டிலும் மாதா படமுமாகக் குடிவந்தார். இரண்டு வருஷம் இருந்தார். ஞாயிறுதோறும் நான் போவேன். அலை அத்தனை அடித்தும் அவருக்கு ஒன்றும் கேட்காது. "சத்தம் எப்படி கீது?" என்பார். "ஷெட்ல நம்ம வண்டி ஸ்டீம் வுட்டுகினு நிக்கற மாரி தொரை" என்பேன். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார். மழைக்காலத்தில் மட்டும் செங்கல்பட்டுக்கு வந்துவிடுங்கள், கால்வாய் பொங்கினால் டாக்டர் வர முடியாது என்று இரண்டு வருஷமும் சொன்னேன். "தாத்தா வூட்ட வுட்டுட்டு எங்க வரச் சொல்றே?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லியிருக்கலாம். சொல்ல இடம் இருந்தது. சொல்லவில்லை.

படகில் கொண்டுவந்து, லாரியில் ஏற்றி, நம் செங்கல்பட்டுக் கல்லறையில் அவர் மனைவிக்குப் பக்கத்தில் வைத்தோம். நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். "தாத்தா வூட்டுல போனாரு, குடுத்து வெச்சவரு. எல்லாம் உன்னாலதான் ஏகாம்பரம்" என்று என் தோளைத் தட்டினீர்கள். இது மாதிரி ஒரு பேச்சு வேறு எப்போது வந்தாலும் நான் இன்னும் நாலு சேர்த்துச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு லாரியைக் கழுவுகிற சாக்கில் நகர்ந்துவிட்டேன்.

இப்போது டோரத்தி கடிதம் போட்டிருக்கிறாள். பையனைக் கூட்டிக்கொண்டு வந்து தன் கொள்ளுத்தாத்தா கட்டின வீட்டைக் காட்டப் போகிறாளாம். கல்லறைக் கல்லில், ‘தம் பாட்டனார் கட்டிய வீட்டில் வாழ்ந்து மறைந்தார்’ என்று வெட்டச் சொல்லியிருக்கிறாள். மாமல்லபுரத்துக் கல்தச்சர் வெட்டவேண்டிய எழுத்து எங்கே, எழுத்து எங்கே என்று இரண்டு தடவை முனுசாமியிடம் சொல்லி அனுப்பிவிட்டார். தாளில் எழுதினால் அடித்துவிடலாம், கல்லில் வெட்டினால் என்ன செய்வது?

துரையின் தொப்பி முனுசாமியிடம் இருக்கிறது. மாதா படம் கோவிலுக்குப் போய்விட்டது. என்னிடம் இருப்பது, பனியில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் கேட்டாரே, கண்ணால பாத்தியா என்று, அந்தக் கேள்விதான். அதை வைத்துக்கொண்டு இந்தத் தாளை நான் வேறு மாதிரி முடிக்க முடியாது. யாராவது இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இதை டோரத்திக்கு எழுதி அனுப்புங்கள். என் பெயரை விட்டுவிடாதீர்கள்.

அந்தக் கிழவர் சொன்னது ராயன் வூடு இல்லை, ராயர் வூடு. அந்தக் காலத்தில் கால்வாயில் போகிற படகுக்குச் சுங்கம் வாங்கின ஏதோ ஒரு ராயர். பின்கட்டில் இருப்பது துளசி மாடம். முப்பது வருஷம் எஞ்சினிலிருந்து அக்கிரகாரத்துக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே போனவருக்குத் துளசி மாடம் தெரிந்திருக்காதா? தெரிந்துதான் ‘சரி’ என்றாரா? அவரைக் கேட்கிற தைரியம் எனக்கு வரவே இல்லை.

கை இறங்கவில்லை தொரை. நான்தான் ‘ரைட்’ கொடுத்தேன்.