வெள்ளிக்கிழமைச் சாம்பல்

எனக்கு வயது எழுபத்தொன்று. ஆறு பிள்ளைகளைப் பெற்று ஆறையும் ஆளாக்கினேன். இப்போது சவூதியில், தம்மாமில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறேன். அடுக்களை மருமகளுடையது, அதில் நான் கை வைப்பதில்லை. கூடத்தில் நிற்கும் இரும்பு விறகடுப்புதான் என்னுடையது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனது. புகையைக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே அனுப்பிவிடும். தை மாதக் குளிரில் அதன் தலைமேல் என் சுக்குக் காப்பி கொதித்தபடியே இருக்கும்.

இந்தக் குளிருக்கு அது முரண்டு பிடித்தது. கூடமெல்லாம் புகை. மகன் இருமிக்கொண்டே, கரண்ட் ஹீட்டர் வாங்கிக்கொள்வோம், இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவோம் என்றான். சனிக்கிழமை வரை பொறு என்றேன்.

நன்றாக ஆறவிட்டுத் திறந்து பார்த்தேன். விறகு கிடக்கும் இரும்புத் தட்டு நடுவில் தொங்கிப்போயிருந்தது. உள்சுவர்ச் செங்கல் ஒன்று பிளந்திருந்தது. அடுப்புக் கதவு ஓரத்தில் புகை கசியாமல் அடைக்கும் கயிறு நைந்து, இடுக்கில் காகிதம் வைத்து மூடி இழுத்தாலும் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது. புகைக்கு வழி அதுதான். மகன் பழசைக் காட்டி எல்லாம் அதே அளவில் வாங்கி வந்தான்.

தட்டு ஏன் தொங்கியது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மருமகள் அடுக்களை வாசலில் நின்றபடி சொன்னாள்:

"யத்தே, வெள்ளிக்கெழம நீங்க சாம்பல் அள்ளவே மாட்டிய. இங்க அன்னைக்குத்தான் லீவு, பொழுதுக்கும் எரியும். சாம்பல் ஏறித் தட்ட முட்டுனா, காத்தில்லாம அது வெந்துதான போவும்?"

வெள்ளிக்கிழமை அடுப்புச் சாம்பலை வெளியே கொட்டினால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மருமகள் சொன்னதைச் சரியென்று அப்போதே ஒப்புக்கொள்ளும் மாமியார் எங்கே இருக்கிறாள்? புதுச் செங்கல்லை நிறுத்தித் தட்டைப் பொருத்தினேன். புதுக் கயிற்றை இழுக்காமல் பசை தடவி ஒட்டி, ஒரு நாள் காயவிட்டேன். முதல் தீயைச் சுள்ளி வைத்துச் சின்னதாகத்தான் மூட்டினேன். வந்த அன்றைக்கே புதுப்பெண்ணைப் பெரிய பானை தூக்கச் சொல்லலாமா?

வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்து நன்றாக எரிந்தது. புகை ஒரு இழை இல்லை. மத்தியானம் பார்த்தால் அடியில் சாம்பல் தட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. தட்டைக் காப்பதா, லட்சுமியைக் காப்பதா? கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு சாம்பலை இரும்பு வாளியில் அள்ளி, மூடி போட்டு, மதிலுக்குள்ளேயே சிமெண்டுத் தரையில் வைத்தேன்.

"வெள்ளிக்கெழம அள்ளிட்டியளே யத்தே?"

"அடுப்ப விட்டுத்தான போயிருக்கு. வாசலத் தாண்டலயே. நாளைக்குக் கொட்டுனா லட்சுமி ஒண்ணும் சொல்ல மாட்டா."

அவள் சிரித்துக்கொண்டே தனக்கும் ஒரு டம்ளர் சுக்குக் காப்பி கேட்டாள். மகன் அடுப்போரம் பாய் போட்டுத் தூங்கிவிட்டான். சனிக்கிழமை ஹீட்டர் பேச்சை அவன் எடுக்கவில்லை; நானும் நினைவுபடுத்தவில்லை.

எழுத்துக் கூட்டிக் கூட்டி இவ்வளவும் எழுதிவிட்டேன். பேத்தி தமிழ் வகுப்புக்குப் போகிறவள். இங்க வா தாயி, இத வாசிச்சுக் காட்டு. அடுக்களைக்குக் கேக்குற மாதிரி வாசி.